புரோவோஸ்ட் என்ன செய்கிறார்? பல்கலைக்கழகத்தின் கல்வித் தலைமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகம் என்றதும் பட்டமளிப்பு விழா மேடையில் நடுநாயகமாக அமர்ந்திருப்பவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் எந்தத் துறைக்குப் புதிய பேராசிரியர் வேண்டும், எந்த ஆய்வகத்துக்கு இந்த ஆண்டு பணம் போகட்டும், எந்தப் படிப்பைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் பல இடங்களில் வேறொருவர். அவரைப் பற்றி மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கல்வித் தலைமை அலுவலர் என்பவர் யார்?

கற்பித்தல், ஆராய்ச்சி, ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம், தேர்வு விதிகள் என்று பல்கலைக்கழகத்தின் கல்விப் பக்கம் முழுவதற்கும் பொறுப்பேற்பவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இவரைப் பெரும்பாலும் புரோவோஸ்ட் என்பார்கள். தலைவருக்கு அடுத்த இடத்தில் இருப்பார். பொறியியல், மருத்துவம், சட்டம், கலை, அறிவியல் ஆகிய புலங்களின் டீன்கள் இவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். நூலகம், மாணவர் சேர்க்கை, பதிவாளர் அலுவலகம் ஆகியவையும் பல இடங்களில் இவர் பொறுப்பில் இருக்கும். தலைவர் திடீரென்று விலகினால் தற்காலிகமாக அந்த நாற்காலியில் அமர்த்தப்படுபவரும் பெரும்பாலும் இவர்தான்.

மாவட்டத்தில் இருக்கும் முதன்மைக் கல்வி அலுவலரும் இவரும் ஒன்றா?

இல்லை. அவர் பள்ளிக் கல்வித் துறையின் மாவட்ட அதிகாரி. பல்கலைக்கழகத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் இங்கே புரோவோஸ்ட் என்ற பெயரையே பயன்படுத்துகிறேன்.

தலைவர் ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு?

தலைவரின் நேரம் வெளியே போய்விடுகிறது என்பதே நேரடியான காரணம். நன்கொடையாளர்கள், அரசு, முன்னாள் மாணவர்கள், ஊடகம், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் என்று அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். அதற்கிடையே, வேதியியல் துறையில் ஓய்வுபெறும் மூவருக்குப் பதில் எத்தனை பேரை எடுப்பது என்று அவர் ஆற அமர உட்கார்ந்து யோசிக்க முடியாது. யாரும் யோசிக்காமல் விட்டால் அந்த முடிவு தானாக நடந்துவிடும். யார் சத்தமாகக் கேட்டார்களோ அவர்களுக்கு இடம் கிடைக்கும்.

ஹார்வர்டின் கதை இதற்கு நல்ல சான்று. அங்கே புரோவோஸ்ட் பதவி 1945-இல் உருவானது. பால் பக் என்ற வரலாற்றாசிரியர் அதில் இருந்தார். 1953-இல் தலைமை மாறியதும் பதவி காலாவதியானது. அதன்பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கே புரோவோஸ்ட் இல்லை. ஒவ்வொரு புலமும் தன் வருமானம், தன் டீன், தன் வழி என்று தனித்தனியாக நடந்தது. 1992-இல் நீல் ருடன்ஸ்டைன் தலைவராக இருந்தபோதுதான் பதவி திரும்பி வந்தது. புலங்களுக்கு இடையே பாலமாக ஒருவர் வேண்டியிருந்தது என்பதே காரணம். செல்வத்தில் குறைவில்லாத பல்கலைக்கழகத்துக்கே இப்படி ஒருவர் தேவைப்பட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே தட்டுப்பாடாக இருந்தது பணம் அன்று. முழுப் பல்கலைக்கழகத்தையும் ஒரே பார்வையில் பார்க்கிற ஆள்.

எல்லா நாட்டிலும் இந்தப் பதவி உண்டா?

வேலை எல்லா இடத்திலும் உண்டு. பதவிதான் ஊருக்கு ஊர் மாறும். டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் புரோவோஸ்ட் என்றால் நிறுவனத்தின் தலைவரே. பத்தாண்டுப் பதவி அது, தேர்தல் மூலம் வருவது. 2021-இல் லிண்டா டாயில் அங்கே முதல் பெண் புரோவோஸ்ட் ஆனார். ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல், குயின்ஸ், வூஸ்டர் கல்லூரிகளிலும் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் தலைவரின் பெயர் புரோவோஸ்ட்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1755-இல் வில்லியம் ஸ்மித் தொடங்கி 1930 வரை புரோவோஸ்ட்டே முதல்வர். அதன்பின் தலைவர் என்று தனிப் பதவி வந்து, புரோவோஸ்ட் கல்விப் பொறுப்பாளரானார்.

பிரிட்டிஷ் மரபில் துணைவேந்தருக்குக் கீழே ஒன்றோ பலவோ இணைத் துணைவேந்தர்கள் இருப்பார்கள். கல்விக்கு ஒருவர், ஆராய்ச்சிக்கு ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரி போன்ற சில இடங்கள் அமெரிக்க வழியைப் பின்பற்றிப் புரோவோஸ்ட் பதவியை ஏற்படுத்தியுள்ளன.

இந்தியாவிலும் இலங்கையிலும் சட்டமே இரண்டு பொறுப்பையும் துணைவேந்தரிடம் கொடுத்துவிடுகிறது. இந்தியாவின் மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் (2009) துணைவேந்தரை முதன்மை நிர்வாக அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று ஒருசேரக் குறிக்கிறது. இலங்கையின் 1978-ஆம் ஆண்டு 16-ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமும் அப்படியே. ஒரே ஆள், இரண்டு சுமை. நடைமுறையில் நிர்வாகச் சுமை கல்விச் சுமையை ஓரம் தள்ளிவிடும். கட்டட ஒப்பந்தமும் நீதிமன்ற வழக்கும் இன்றைக்கே பதில் கேட்கும். ஒரு துறை பத்தாண்டில் எப்படி ஆகும் என்ற கேள்வி யாரையும் அவசரப்படுத்தாது. இரண்டு வேலையையும் பிரித்து வைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அவருடைய ஒரு ஆண்டு எப்படிப் போகும்?

பெரும்பகுதி கூட்டங்களிலும் கோப்புகளிலும். வரவுசெலவுக்கு முன் ஒவ்வொரு டீனும் வந்து தன் புலத்தின் தேவையைச் சொல்வார். பதவி உயர்வுப் பருவத்தில் கோப்புகள் குவியும். எங்காவது ஒரு டீன் பதவி காலியாகும், தேர்வுக்குழு அமைக்க வேண்டும். தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றால் ஒரு ஆண்டுக்கு முன்பே ஆவண வேலை தொடங்கிவிடும். இடையிடையே எதிர்பாராதவை வரும். 2020-இல் உலகெங்கும் வகுப்புகள் ஓரிரு வாரங்களில் இணையத்துக்கு மாறியபோது, மதிப்பெண் எப்படிப் போடுவது, ஆய்வகப் பாடத்தை என்ன செய்வது, நிரந்தரப் பணிக்கான கெடுவை நீட்டிப்பதா என்ற கேள்விகள் எல்லாம் வந்து சேர்ந்தது இந்த அலுவலகத்தில்தான். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை மாணவர்கள் எந்த அளவு பயன்படுத்தலாம் என்ற விதிகளும் பல இடங்களில் இங்கிருந்தே வருகின்றன.

ஆசிரியர் நியமனத்தில் இவர் பங்கு என்ன?

இப்பதவியின் உயிர்நாடி இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

முப்பது வயதில் ஒருவரை நியமித்து நிரந்தரமாக்கினால், அவர் இன்னும் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கே இருப்பார். ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குக் கற்பிப்பார். அடுத்து யாரை எடுப்பது என்ற குழுக்களில் உட்காருவார். அவரைப் போன்றவர்களையே அவர் தேர்ந்தெடுக்கவும் கூடும். ஒரு துறை சரியத் தொடங்கினால், அதன் தொடக்கம் பெரும்பாலும் இருபது ஆண்டுகளுக்கு முன்பு ‘பரவாயில்லை, நல்ல மனிதர்’ என்று கையெழுத்திட்ட ஒரு கோப்பில் இருக்கும்.

அமெரிக்க முறையில் நிரந்தரப் பணி படிப்படியாக வரும். பேராசிரியர் சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட 1940-ஆம் ஆண்டு அறிக்கை, தகுதிகாண் காலம் 7 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதனால் ஆறாம் ஆண்டில் கோப்பு தயாராகும். ஆய்வுக் கட்டுரைகள், மாணவர் மதிப்பீடு, வெளிப் பல்கலைக்கழக வல்லுநர்களின் கடிதங்கள் எல்லாம் அதில் சேரும். துறை வாக்களிக்கும், புலக்குழு பார்க்கும், டீன் பரிந்துரைப்பார், பிறகு புரோவோஸ்ட்டிடம் வரும். அவருக்கு மேல் தலைவரும் ஆட்சிக்குழுவும் இருந்தாலும், கோப்பை வரிக்கு வரி படிக்கும் கடைசி ஆள் பல இடங்களில் இவரே.

அந்த ஆய்வுத்துறை இவருக்குத் தெரிந்திருக்காது. இயற்பியலாளர் ஒருவர் சமஸ்கிருதப் பேராசிரியரின் கோப்பைப் பார்ப்பார். அப்படியானால் என்ன பார்க்கிறார்? கடிதம் எழுதியவர்கள் யார், உண்மையிலேயே விலகி நின்று எழுதினார்களா, நண்பர்களா? துறையின் வாக்கு 9-க்கு 5 என்றால் எதிர்த்த ஐவர் சொன்னது என்ன, அந்தக் காரணம் கோப்பில் பதிவாகியிருக்கிறதா? பாராட்டு வார்த்தைகள் நிறைய இருந்து, ஒரு கண்டுபிடிப்பைக்கூடக் குறிப்பாகச் சொல்லாத கடிதமா? இதைப் படித்துப் பழகியவர்களுக்குக் கடிதத்தில் எழுதப்பட்டதைவிட எழுதாமல் விட்டது பலவற்றைச் சொல்லும்.

மறுப்பது இந்த வேலையில் மிகக் கடினமானது. மறுக்கப்பட்டவர் பெரும்பாலும் ஓராண்டுக்குள் வேறு வேலை தேட வேண்டும். குடும்பத்தோடு ஊர் மாற வேண்டும். அந்த வலியை அறிந்தவராக இருக்க வேண்டும். அறிந்திருந்தும், கோப்பு தகுதி பெறவில்லை என்றால் மறுக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். மறுப்புக்கான காரணத்தைத் தெளிவாக எழுதித் தரும் துணிவும் வேண்டும். காரணம் சொல்லாத மறுப்பு அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வரவுசெலவு ஏன் கல்வி அலுவலரின் கையில்? அதற்குத்தான் நிதி அலுவலர் இருக்கிறாரே?

நிதி அலுவலர் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பணம் எதற்குப் போக வேண்டும் என்பது கல்விக் கேள்வி.

ஒரு பல்கலைக்கழகம் எதை மதிக்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் நோக்க அறிக்கையைப் படிக்க வேண்டியதில்லை. வரவுசெலவைப் படித்தால் போதும். தத்துவத் துறையில் காலியான இடத்தை நிரப்பாமல் கணினித் துறைக்கு இரண்டு இடம் கொடுத்தால், பாடத்திட்டக் குழு கூடாமலேயே பாடத்திட்டம் மாறிவிட்டது. அதனால்தான் ஸ்டான்ஃபோர்டு, மிச்சிகன், டொராண்டோ பல்கலைக்கழகங்களில் புரோவோஸ்ட்டே தலைமைக் கல்வி அலுவலராகவும் தலைமை வரவுசெலவு அலுவலராகவும் இருக்கிறார். இரண்டு அதிகாரமும் ஒரே கையில் இருப்பது தற்செயல் இல்லை. பிரித்துவிட்டால், கல்விக்கு முதலிடம் தர வேண்டியவர் பணம் கேட்டு நிற்பவராகிவிடுவார்.

1993-இல் கண்டலீசா ரைஸ் ஸ்டான்ஃபோர்டின் புரோவோஸ்ட் ஆனபோது அவருக்கு வயது 38. பல்கலைக்கழகம் ஏறத்தாழ 2 கோடி டாலர் பற்றாக்குறையில் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கணக்கைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். அதற்கு வெட்டுகள் தேவைப்பட்டன. வெட்டிய விதம் பற்றியும், பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் நிரந்தரப் பணி கிடைப்பது பற்றியும் ஆசிரியர்களிடையே கடும் விவாதம் எழுந்தது. கணக்கைச் சரிசெய்த ஆண்டுகளும் மனக்கசப்பின் ஆண்டுகளும் ஒன்றாகவே ஓடின. புரோவோஸ்ட் பதவியில் இது வழக்கமான விலை.

பணத்தைப் பங்கிடும் முறைகளும் பல. ஒரு முறையில் எல்லா வருமானமும் மையத்துக்கு வரும், புரோவோஸ்ட் பிரித்துக் கொடுப்பார். இன்னொன்றில் ஒவ்வொரு புலமும் தான் ஈட்டிய கட்டணத்தையும் ஆராய்ச்சி நிதியையும் தானே வைத்துக்கொண்டு, மின்சாரம், நூலகம், இடம் ஆகியவற்றுக்கு மையத்துக்கு ஒரு பங்கு கட்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1970-களில் இந்த இரண்டாம் முறைக்கு மாறியது. பிறகு பலர் பின்பற்றினார்கள். டீன்கள் பொறுப்போடு செலவு செய்கிறார்கள் என்பது இதன் நன்மை. கெடுதியும் உண்டு. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று வருமானம் வருவதால், வணிகவியல் புலம் தானே ஒரு கணித வகுப்பு தொடங்கும்; தன் மாணவர்களைக் கணிதத் துறைக்கு அனுப்பாது. அந்தப் பணம் வெளியே போகக் கூடாது என்பதுதான் காரணம், கற்பித்தல் சிறக்கும் என்பது காரணமில்லை. ஆகவே இந்த முறையிலும் புரோவோஸ்ட்டிடம் ஒரு பொது நிதி இருக்க வேண்டும். வருமானம் ஈட்ட முடியாத, ஆனால் பல்கலைக்கழகம் என்ற பெயருக்கே தேவையான துறைகள் அதில்தான் பிழைக்கும்.

பாடத்திட்டத்தை இவர் நினைத்தபடி மாற்றலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது, யார் பட்டம் பெறத் தகுதியானவர் என்பது ஆசிரியர்களின் கூட்டு முடிவு. அமெரிக்காவில் 1966-இல் பேராசிரியர் சங்கமும், கல்லூரிகளையும் ஆட்சிக்குழுக்களையும் சேர்ந்த அமைப்புகளும் உருவாக்கிய ஆட்சிமுறை அறிக்கை, பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆராய்ச்சி, ஆசிரியர் தகுதி ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுக்கே என்கிறது. அதை மேலிடம் மறுப்பது அரிதாகவே நடக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும் அது கூறுகிறது. நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் கல்விக்குழுவும் பாடத்திட்டக் குழுவும் இதே வேலைக்காகத்தான் இருக்கின்றன.

புரோவோஸ்ட் செய்யக்கூடியது வேறு. முதலாண்டு எழுத்துப் பயிற்சி பலவீனமாக இருக்கிறது என்று தரவோடு ஆசிரியர் பேரவை முன் வைக்கலாம். புதிய பாடம் தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு பருவம் வகுப்புச் சுமையைக் குறைத்துத் தரலாம். மூன்று துறைகள் தனித்தனியாக நடத்தும் புள்ளியியல் பாடத்தைச் சேர்ந்து நடத்தச் சொல்லிக் கேட்கலாம். கேட்கலாம் என்பதே சரியான சொல். ஒரு அறிக்கையில் எல்லாவற்றையும் மாற்றிவிடும் புரோவோஸ்ட்டின் மாற்றங்கள் அவர் போன மறு ஆண்டே கரைந்துவிடும். வகுப்பறைக் கதவு மூடியபின் உள்ளே என்ன நடக்கிறது என்பது ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது.

ஒரு துறையை மூடுவது என்றால்?

சட்டப்படி ஆட்சிக்குழு முடிவெடுக்கும். ஆனால் பட்டியல் பெரும்பாலும் இந்த அலுவலகத்திலிருந்து வரும், பழியும் இங்கேதான் வந்து சேரும்.

2023-இல் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சுமார் 4.5 கோடி டாலர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, புரோவோஸ்ட் அலுவலகம் நடத்திய மறுஆய்வுக்குப் பின், செப்டம்பரில் ஆட்சிக்குழு 28 முதன்மைப் படிப்புகளையும் 143 ஆசிரியர் இடங்களையும் நீக்க வாக்களித்தது. அயல்மொழித் துறை முழுவதையும் மூடுவது முதல் திட்டம். எதிர்ப்புக்குப் பின் ஸ்பானிய, சீன மொழி வகுப்புகளுக்கு மட்டும் சில ஆசிரியர்கள் தப்பினார்கள். ஆசிரியர்கள் கூடித் தலைவர் மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள். மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சும் ஜெர்மனும் பட்டப் படிப்பாகக் கிடைக்காது என்பது அங்கே படிக்க நினைத்த பிள்ளைகளுக்கு நிரந்தர இழப்பு. ஒரு மொழித் துறையை மூடுவது ஒரு மாதத்து வேலை. மீண்டும் கட்ட ஒரு தலைமுறை ஆகும்.

மூடவே கூடாத நிலை உண்டா என்றால், இல்லை. மாணவரே சேராத படிப்பை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதும் பொறுப்பில்லைதான். மூடத்தான் வேண்டும் என்றால், சேர்ந்த மாணவர்கள் தொடங்கிய படிப்பை முடித்துப் போக வழி செய்ய வேண்டும். அமெரிக்கத் தர மதிப்பீட்டு அமைப்புகள் இதற்கான திட்டத்தைக் கேட்கின்றன. ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே கணக்கைக் காட்ட வேண்டும். எண்ணிக்கை குறைவதை ஐந்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோடை விடுமுறையில் பட்டியலை வெளியிடுவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

டீன்களுக்கும் இவருக்கும் ஒத்துப்போகுமா?

இழுபறி இயல்பு. டீன் தன் புலத்துக்காகப் பேச வேண்டும். பேசாவிட்டால் அவர் நல்ல டீன் இல்லை. புரோவோஸ்ட் எல்லாப் புலத்தையும் பார்க்க வேண்டும். மருத்துவப் புலத்தின் டீன் கையில் மருத்துவமனை வருமானமும் ஆராய்ச்சி நிதியும் இருக்கும். சில இடங்களில் அவரிடம் உள்ள பணம் புரோவோஸ்ட்டிடம் உள்ளதைவிட அதிகம். அங்கெல்லாம் உத்தரவு எடுபடாது. டீன்களை நியமிப்பதிலும், அவர்கள் பதவிக்காலம் நீடிப்பதிலும் இவர் சொல்லுக்கு எடை இருக்கிறது என்பதுதான் இவருடைய உண்மையான பிடி.

பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆகியோர் வேறா?

வேறு. அவர்கள் விதியை நடைமுறைப்படுத்துகிறவர்கள்: ஆவணம், சான்றிதழ், தேர்வு, முடிவு. அந்த விதி கல்விக்கு உதவுகிறதா, மாற்ற வேண்டுமா என்று கேட்பது கல்வித் தலைமையின் வேலை.

ஆராய்ச்சியில் முறைகேடு என்று புகார் வந்தால்?

இங்கே புரோவோஸ்ட் நீதிபதியின் இடத்துக்கு வருகிறார். அமெரிக்க மத்திய சுகாதார நிதி பெறும் ஆராய்ச்சிகளுக்கான விதிகள், இல்லாத தரவை உருவாக்குவது, இருக்கும் தரவைத் திரிப்பது, பிறர் எழுத்தைத் திருடுவது ஆகிய மூன்றை முறைகேடு என்கின்றன. நேர்மையான பிழையும் கருத்து வேறுபாடும் அதில் அடங்கா. விசாரணையை நடத்துபவரும் இறுதி முடிவெடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பல நிறுவனங்களில் இறுதி முடிவெடுப்பவர் புரோவோஸ்ட்.

புகாருக்கு ஆளானவர் பெரிய நிதியைக் கொண்டுவரும் பேராசிரியராக இருக்கும்போதுதான் இந்தப் பதவியில் இருப்பவரின் தரம் தெரியும். புகார் சொன்னவர் பெரும்பாலும் அதே ஆய்வகத்தின் ஆராய்ச்சி மாணவர். அவருடைய உதவித்தொகை, வழிகாட்டி, பரிந்துரைக் கடிதம் எல்லாம் அந்தப் பேராசிரியரிடம். விசாரணை முடியும்வரை அந்த மாணவருக்கு வேறு வழிகாட்டியும் நிற்காத உதவித்தொகையும் ஏற்பாடு செய்வது முதல் வேலையாக இருக்க வேண்டும். விசாரணைக் குழு அமைப்பது அதற்கு அடுத்தபடி.

மாணவராகிய எனக்கு இவரால் என்ன?

நேரில் பார்க்க வாய்ப்பு குறைவு. ஆனால் உங்கள் வகுப்பில் 40 பேரா 200 பேரா, அந்த வகுப்பை நிரந்தர ஆசிரியர் எடுக்கிறாரா பருவத்துக்குப் பருவம் மாறும் ஒப்பந்த ஆசிரியர் எடுக்கிறாரா, வேறு கல்லூரியில் படித்த பாடத்தை இங்கே ஏற்பார்களா, மதிப்பெண்ணை எதிர்த்து மேல்முறையீடு செய்ய எங்கே போவது என்பவை எல்லாம் இவருடைய முடிவுகளின் கைத்தடம். துறைத்தலைவர், டீன் என்று படிப்படியாகப் போய்த் தீராத கல்விக் குறைகள் கடைசியாக வந்து நிற்பதும் பெரும்பாலும் இவரிடமே.

யார் இந்தப் பதவிக்கு வரலாம்?

ஏறக்குறைய எப்போதும் பேராசிரியராக இருந்தவர்தான். துறைத்தலைவர், டீன் என்று ஏறி வருவது வழக்கமான பாதை. ரைஸ் அந்தப் படிகளில் ஏறாமலே நேரடியாக வந்தவர், அது விதிவிலக்கு. தேர்வுக்குழுவில் ஆசிரியர்களும் ஓரிரு மாணவர்களும் இருப்பார்கள், இறுதித் தேர்வு தலைவருடையது.

நிர்வாக அனுபவம் மட்டும் உள்ள ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவந்து அமர்த்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நான் எதிர்க்கிறேன். ஒரு ஆய்வு மூன்று ஆண்டுகள் எதையும் தராமல் நான்காம் ஆண்டில் பலன் தரும் என்பதைத் தன் அனுபவத்தில் அறியாதவர், அந்த மூன்றாம் ஆண்டிலேயே அதை வெட்டிவிடுவார்.

இங்கிருந்து அடுத்த படி தலைவர் பதவியா?

பலருக்கு அப்படித்தான். யேல் பல்கலைக்கழகத்தின் புரோவோஸ்ட்களை மட்டும் பார்த்தாலே தெரியும். ஹன்னா கிரே 1978-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவரானார். ஜூடித் ரோடின் 1994-இல் பென்சில்வேனியாவுக்குப் போனார். அலிசன் ரிச்சர்ட் 2003-இல் கேம்பிரிட்ஜின் துணைவேந்தர். சூசன் ஹாக்ஃபீல்டு 2004-இல் எம்.ஐ.டி.யின் தலைவர். ஆண்ட்ரூ ஹாமில்டன் 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டின் துணைவேந்தர். ஹார்வர்டில் 2011 முதல் புரோவோஸ்ட்டாக இருந்த ஆலன் கார்பர் 2024-இல் அங்கேயே தலைவரானார்.

இந்தப் பட்டியல் பெருமைக்குரியதுதான். ஆனால் எல்லோரும் இப்பதவியை ஏணியாக மட்டும் பார்த்தால் ஆபத்து. இரண்டு ஆண்டில் வெளியேற நினைப்பவர், இரண்டு ஆண்டில் கண்ணுக்குத் தெரியும் வேலையைத்தான் எடுப்பார்: புதிய மையம், புதிய பெயர்ப் பலகை, புதிய திட்ட அறிக்கை. நல்ல ஆசிரியர்களைச் சேர்ப்பதன் பலன் அவர் போன பிறகே தெரியும்.

அப்படி நீண்ட காலம் இருந்து பலன் தந்தவர் உண்டா?

உண்டு. ஸ்டான்ஃபோர்டில் 1955 முதல் 1965 வரை புரோவோஸ்ட்டாக இருந்த ஃபிரெடரிக் டெர்மன். பொறியியல் புலத்தின் டீனாக இருந்து வந்தவர். ஹெச்.பி. நிறுவனத்தைத் தொடங்கிய ஹியூலெட், பேக்கர்டு இருவரையும் தொழில் தொடங்க ஊக்குவித்த ஆசிரியர். எல்லாத் துறையையும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சம் உயர்த்த முயலாமல், தேர்ந்த சில துறைகளில் மிகச் சிறந்தவர்களைக் குவித்து அவற்றை நாட்டின் உச்சிக்குக் கொண்டுபோவது அவர் வழி. யாரை நியமிப்பது என்பதைத் தானே தோண்டித் துருவிப் பார்த்தார். சிலிக்கான் பள்ளத்தாக்கின் தோற்றத்தைப் பேசும் எவரும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

அதே வழியில் இழப்பும் இருந்தது. வெளி நிதி ஈர்க்காத துறைகள், சிறப்பாக இலக்கியம், தத்துவம் போன்ற மனிதவியல் துறைகள், பின்தங்கின என்ற விமரிசனம் அவர் மீது நிலைத்திருக்கிறது. அது நியாயமான விமரிசனம். தேர்ந்தெடுத்து உயர்த்துவது என்றால் தேர்ந்தெடுத்துத் தாழ்த்துவதும்தான். புரோவோஸ்ட் அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்பேன்.

என் பல்கலைக்கழகத்தில் புரோவோஸ்ட் இல்லை. இந்த வேலையை யார் செய்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதவிப் பெயர்களை விட்டுவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். காலியான ஆசிரியர் இடம் எந்தத் துறைக்குப் போகும் என்று யார் முடிவெடுக்கிறார்? பதவி உயர்வுக் கோப்பைக் கடைசியாக முழுவதும் படிப்பவர் யார்? வரவுசெலவில் கல்விச் செலவுக்கும் கட்டடச் செலவுக்கும் மோதல் வந்தால் கல்விக்காக வாதாடுபவர் யார்? பல்கலைக்கழகச் சட்டத்திலும் விதித்தொகுப்பிலும் அலுவலர்களின் அதிகாரங்கள் என்ற பகுதி இருக்கும், அது பொது ஆவணம். கல்விக்குழுவின் கூட்டக் குறிப்புகளையும் கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே பெயர் பதிலாக வந்தால் அவர்தான். மூன்று வெவ்வேறு பெயர் வந்தால், அவர்கள் மூவரும் கடைசியாக எப்போது ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். மூன்றாம் கேள்விக்கு மட்டும் யார் பெயரும் வரவில்லை என்றால், அதை எழுத்தில் எழுதிக் கல்விக்குழு உறுப்பினரான உங்கள் ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள்; அடுத்த கூட்டத்தில் அதைப் பொருளாக வைக்க அவரால் முடியும்.